எச்.சி.ஐ. மேற்படிப்பு: விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஒரு வருடத்தில் என்ன செய்யலாம்?

மனிதர்கள் கணினியையும் போனையும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் மனித-கணினி ஊடாட்டம், சுருக்கமாக எச்.சி.ஐ., படிக்க வேண்டும் என்று கேட்டு வருபவர்களில் இரண்டு வகையினர் அதிகம். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, கோடிங்கோடு மட்டும் நின்றுவிட மனமில்லாதவர்கள் ஒரு பக்கம். விஸ்காம், உளவியல், கட்டடக்கலை என்று வேறு படிப்பிலிருந்து வந்து, நமக்கெல்லாம் இடம் கிடைக்குமா என்று தயங்குபவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேருக்கும் இந்தத் துறையில் இடம் உண்டு. ஆனால் இரண்டு பேரும் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் அழகழகாகத் திரைகளை வரைந்து அடுக்கி, அதையே விண்ணப்பத்தோடு அனுப்பிவிடுகிறார்கள்.

தேர்வுக்குழு அதைத் தாண்டி ஒன்றைத் தேடுகிறது. ஒரு மனிதர் ஒரு கருவியோடு எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறார் என்பதைப் பொறுமையாகக் கவனிக்கத் தெரியுமா, கவனித்ததை ஆதாரத்தோடு சொல்லத் தெரியுமா? இந்தப் பழக்கத்தை வகுப்பில் சேர்வதற்கு முன்பே, செலவில்லாமல், உங்கள் ஊரிலேயே தொடங்கலாம். இந்தக் கட்டுரையில் அதிக இடத்தை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

முதலில் துறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

எச்.சி.ஐ.க்குள் இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று அளந்து பார்ப்பது, மற்றது கூட இருந்து பார்ப்பது.

அளக்கும் மரபுக்கு நல்ல உதாரணம் உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இல் வெளியிட்ட விதி. தொட வேண்டிய இலக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு அகலம் என்ற இரண்டை வைத்துக் கை அங்கே போய்ச் சேர ஆகும் நேரத்தைக் கணிக்கலாம் என்றார். கணினிக்காக எழுதப்பட்ட விதி இல்லை அது. ஆனாலும் போன் திரையில் பொத்தான் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற பேச்சு வந்தால் இன்றும் அதில்தான் தொடங்குகிறார்கள். 1980-இல் ஸ்டூவர்ட் கார்டு, தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் மூவரும் இன்னொரு படி போனார்கள். ஒரு வேலையை விசை அழுத்துதல், கையை மவுஸுக்குக் கொண்டுபோதல், மனதுக்குள் யோசித்தல் என்று துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் விநாடிக் கணக்கு கொடுத்தார்கள். யோசிப்பதற்கு அவர்கள் போட்ட கணக்கு 1.35 விநாடி.

கூட இருந்து பார்க்கும் மரபுக்கு லூசி சச்மனைச் சொல்ல வேண்டும். 1980களின் தொடக்கத்தில் ஸெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த மானிடவியலாளர். பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும் என்று விளம்பரம் செய்யப்பட்ட ஒரு நகல் இயந்திரத்தின் முன்னால் இரண்டு பேரை நிறுத்தி, தாளின் இரு பக்கமும் நகல் எடுக்கச் சொல்லி வீடியோ எடுத்தார். இருவரும் திணறினார்கள். அதில் ஒருவர், மேலே சொன்ன அதே ஆலன் நியூவெல். செயற்கை நுண்ணறிவின் முன்னோடி, டூரிங் விருது பெற்றவர். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசத்தால் வந்த சிக்கல் இல்லை என்பது அந்த வீடியோவைப் பார்த்தவர்களுக்குப் புரிந்தது. இயந்திரம் மனிதரிடம் என்ன எதிர்பார்க்கிறது, மனிதர் தான் என்ன செய்துகொண்டிருப்பதாக நினைக்கிறார் என்ற இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளிதான் சிக்கல்.

இந்த இரண்டில் உங்கள் மனம் எதில் ஒட்டுகிறது என்று பாருங்கள். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பேராசிரியர் என்பதை அது பெருமளவு முடிவுசெய்துவிடும். பார்க்க எளிய வழி, சி.எச்.ஐ. மாநாட்டுக் கட்டுரைகளைப் படிப்பது. 1982-இல் தொடங்கிய இந்த மாநாடுதான் துறையின் பெரிய களம். நிறைய ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையின் பி.டி.எஃப்.ஐத் தங்கள் இணையப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். வாரம் ஒரு கட்டுரை போதும். சுருக்கத்தையும் முடிவையும் படித்துவிட்டு ஓடிவிடாதீர்கள். ஆய்வு முறை என்ற பகுதியை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். எத்தனை பேர், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், என்ன செய்யச் சொன்னார்கள், எதை எண்ணினார்கள் என்று நான்கு வரி எழுதி வையுங்கள்.

பட்டம் எந்தத் துறைக்குள் இருக்கிறது?

எச்.சி.ஐ. என்ற பெயர்ப்பலகையை மட்டும் தேடினால் பாதிப் படிப்புகள் கண்ணில் படாது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1993-இல் தொடங்கிய தனி நிறுவனமே இருக்கிறது. அதன் முதுகலைப் படிப்பு மூன்று பருவங்களில், ஒரே ஆண்டில் முடியும். வெளி நிறுவனம் ஒன்றுக்காகச் செய்யும் நீண்ட குழுத் திட்டம் அதன் மையம். ஜார்ஜியா டெக்கில் ஒரே பட்டத்துக்கு நான்கு வாசல்கள் உண்டு: கணினி, உளவியல், தொழில்வடிவமைப்பு, டிஜிட்டல் மீடியா. எந்தப் பின்னணியிலிருந்து வருகிறீர்களோ அந்த வாசல் வழியாக விண்ணப்பிக்கலாம். மிஷிகனில் தகவல் பள்ளிக்குள்ளும், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கல்லூரிக்குள்ளும் இதைப் படிக்கலாம். ஐரோப்பாவில் லண்டன் யு.சி.எல்., நெதர்லாந்தின் உட்ரெக்ட், ஜெர்மனியின் வைமர் பாவ்ஹவுஸ் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றிலும் ஆங்கிலவழி எச்.சி.ஐ. முதுகலை உண்டு.

இந்தியாவில் பெரும்பாலும் இது வடிவமைப்புத் துறைக்குள் வரும். ஐ.ஐ.டி. பம்பாயின் ஐ.டி.சி. என்ற வடிவமைப்புப் பள்ளி 1969-இல் தொடங்கியது. அங்கே இன்டராக்‌ஷன் டிசைனில் எம்.டெஸ்., அதாவது வடிவமைப்பு முதுகலை, படிக்கலாம். ஐ.ஐ.டி. குவாஹாத்தி, பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி. ஆகியவற்றின் எம்.டெஸ். படிப்புகளையும் பாருங்கள். இவற்றுக்குப் பெரும்பாலும் சீட் (CEED) என்ற வடிவமைப்பு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஐ.ஐ.டி. பம்பாய் ஜனவரியில் நடத்துகிறது, அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே பதிவு முடிந்துவிடும். பிளஸ் டூவுக்குப் பிறகு குறைந்தது மூன்றாண்டுப் பட்டம் அல்லது டிப்ளமோ இருந்தால் போதும், கடைசி ஆண்டு மாணவர்களும் எழுதலாம், வயது வரம்பு இல்லை. ஒரு பகுதி கணினியில் விடையளிப்பது, மற்றொரு பகுதி கையால் வரைந்து எழுதுவது. வரையத் தெரியாதே என்று பொறியியல் மாணவர்கள் பயப்படுகிறார்கள். ஓவியராக வேண்டியதில்லை. மனித உருவம், கை, பேருந்து நிலையம், டீக்கடை இவற்றைப் பார்த்தவர் புரிந்துகொள்ளும்படி வரைய, தினமும் அரை மணி நேரம் வைத்து ஆறு மாதம் பழகினால் வந்துவிடும். தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யின் (NID) பெங்களூரு வளாகத்திலும் இன்டராக்‌ஷன் டிசைன் உண்டு. அதற்கு நுழைவுத் தேர்வு தனி.

முதுகலையா, பிஎச்.டி.யா? வேலைக்குப் போவதுதான் நோக்கம் என்றால் முதுகலை. ஒரே கேள்வியோடு ஐந்தாறு ஆண்டு வாழ முடியும் என்று தோன்றினால் பிஎச்.டி. அமெரிக்காவில் நேரடிப் பிஎச்.டி.க்கு முதுகலை கட்டாயமில்லை, பெரும்பாலும் கட்டணமும் உதவித்தொகையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பணம் மிச்சம் என்பதற்காக மட்டும் அதில் இறங்க வேண்டாம்.

விண்ணப்பத்துக்கு முன் ஒரு சின்ன ஆய்வு

இதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஒரு கேள்வி, ஐந்தாறு பேர், இரண்டு மாதம். இவ்வளவுதான் தேவை.

கேள்வியைக் குறுக்குங்கள். ‘முதியவர்களுக்கான செயலி’ என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. ‘55 வயதைத் தாண்டியவர்கள் போனில் தமிழில் தட்டும்போது எந்த எழுத்தில் தடுமாறுகிறார்கள்?’ என்பது ஆகும். இந்த உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம், தமிழ் தெரிந்த மாணவருக்கு இதில் கைமுதல் அதிகம்.

‘கொ’ என்ற எழுத்தைப் பாருங்கள். கையால் எழுதும்போது முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். பழைய தட்டச்சு இயந்திரத்திலும் கொம்பைத்தான் முதலில் அடிப்பார்கள். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையிலோ க முதலில் வர வேண்டும், அதன்பின் ஒகரக் குறி. குறிகளைத் தனித்தனியாகக் காட்டும் விசைப்பலகையில், தட்டச்சு ஹையர் பாஸ் செய்த ஒருவர் பழக்கத்தில் கொம்பை முதலில் தொடுவார். திரையில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் வந்து நிற்கும். அவருடைய முகம் மாறும் அந்த நொடிதான் உங்கள் தரவு. தமிழ்99 போன்ற முறையில் க, பிறகு ஒ என்று ஒலிப்படி தட்ட வேண்டும். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றும் முறையில் சிக்கல் வேறு மாதிரி வரும்.

ஆட்களைத் தேடும்போது உங்கள் அம்மா, பெரியப்பாவோடு நின்றுவிடாதீர்கள். உங்களை மகிழ்விக்க நினைப்பவர்களிடமிருந்து நல்ல தரவு வராது. குடியிருப்புச் சங்கம், நூலகம், நடைப்பயிற்சிப் பூங்கா என்று போய்க் கேளுங்கள். தொடங்குமுன் எதற்காக இது, எதைப் பதிவு செய்கிறீர்கள், எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்பதைத் தமிழில் வாசித்துக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். குறிப்பில் பெயர் வேண்டாம், ப1, ப2 என்று குறியுங்கள். போனில் திறந்திருக்கும் அவர்களுடைய சொந்தச் செய்திகள் உங்கள் கண்ணில் படாதபடி, சோதனைக்கு உங்கள் போனையே கொடுப்பது நல்லது. அவர்களுடைய சொந்த விசைப்பலகைப் பழக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் ஒரு புதிய காலிக் குறிப்பை மட்டும் திறக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் வேலையைக் கொடுங்கள். ‘உங்கள் மகளுக்கு, சனிக்கிழமை கொல்லம் எக்ஸ்பிரஸில் வருகிறேன் என்று எழுதுங்கள்’ என்பது போல வாழ்க்கையில் நடக்கிற வேலையாக இருக்கட்டும். மனசுல என்ன ஓடுதோ அதை அப்படியே வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்கம்மா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் மௌனமானால் ‘இப்ப என்ன பாக்குறீங்க?’ என்று மட்டும் கேட்கலாம். ‘இதை அழுத்தட்டுமா தம்பி?’ என்று அவர் கேட்பார், நிச்சயம் கேட்பார். கை நீட்டிக் காட்டிவிடத் துடிக்கும். அடக்கிக்கொண்டு, ‘நான் பக்கத்துல இல்லேன்னா என்ன செய்வீங்களோ, அதையே செய்யுங்க’ என்று சொல்லுங்கள். ரொம்பவும் தவித்தால் உதவுங்கள், ஆனால் உதவியதையும் குறித்து வையுங்கள்.

முடிந்ததும் ‘எப்படி இருந்துச்சு?’ என்று கேட்டால் நம் ஊரில் வரும் பதில் ‘நல்லாத்தான்பா இருக்கு’. அவர் பொய் சொல்லவில்லை. வீடு தேடி வந்த பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்று நினைக்கிறார். அதனால் கருத்துக் கேட்பதைவிட நடந்ததைக் கேளுங்கள். ‘அந்தக் கொ-வுல நின்னீங்களே, அப்ப என்ன நெனச்சீங்க?’ என்றால் பதில் வேறு மாதிரி வரும்.

குறிப்பை இரண்டு பத்தியாக எழுதுங்கள். இடது பக்கம் கண்ணால் கண்டது: ‘ப3 கொம்பைத் தொட்டார், வட்டம் வந்ததும் மூன்று முறை அழித்தார்.’ வலது பக்கம் உங்கள் ஊகம்: ‘எழுதும் வரிசையும் தட்டும் வரிசையும் வேறு என்பது தெரியவில்லை போலும்.’ இந்த இரண்டையும் கலக்காமல் வைத்திருப்பவரின் ஆய்வை யாரும் நம்புவார்கள். பிறகு ஒவ்வொரு கவனிப்பையும் தனித் துண்டுச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டி, ஒன்றுபோல இருப்பவற்றை அருகருகே நகர்த்துங்கள். ஜப்பானிய மானிடவியலாளர் ஜிரோ கவகிதா வகுத்த முறையிலிருந்து வந்தது இது. முன்கூட்டியே தலைப்பு வைத்துக்கொண்டு சீட்டுகளை அதற்குள் திணிக்காதீர்கள். சீட்டுகள் சேர்ந்த பிறகு தலைப்பு எழுதுங்கள்.

எண்களும் வேண்டுமா? கவனமாக எண்ணுங்கள். ஆங்கிலத்தில் தட்டும் வேகத்தை அளக்கும்போது ஐந்து எழுத்துக்குறிகளை ஒரு சொல் என்று வைத்துக்கொள்வது வழக்கம். தமிழுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ‘கொக்கு’ நம் கணக்கில் மூன்று எழுத்து, யூனிகோடில் ஆறு குறியீடு. எதை எண்ணினீர்கள் என்று ஒரு வரி எழுதினாலே, அந்த வரியைப் படிக்கும் பேராசிரியருக்கு உங்கள் மேல் மதிப்பு வரும். இரண்டு விசைப்பலகைகளை ஒப்பிட்டால் பாதிப் பேருக்கு ஒன்றை முதலிலும், மீதிப் பேருக்கு மற்றதை முதலிலும் கொடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவதாக வந்தது, கை பழகிவிட்டதாலேயே நல்லதாகத் தெரியும்.

பயன்படுத்த எவ்வளவு எளிது என்பதை அளக்கும் எஸ்.யு.எஸ். என்ற பத்துக் கேள்விப் படிவம் உங்கள் கண்ணில் படும். ஜான் புரூக் 1986-இல் உருவாக்கியது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பு. ஒற்றைப்படை எண் வாக்கியங்களில் மதிப்பிலிருந்து 1-ஐக் கழிக்க வேண்டும். இரட்டைப்படை எண் வாக்கியங்களில் மதிப்பை 5-இலிருந்து கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி 2.5-ஆல் பெருக்கினால் மதிப்பெண். கூட்டல் 27 வந்தால் 67.5. இதை 67.5 சதவீதம் பேருக்குப் பிடித்தது என்று எழுதிவிடாதீர்கள். சராசரி 68 அளவில் இருப்பதாகப் பரவலாகச் சொல்வார்கள், ஆக 67.5 என்பது ஏறக்குறைய நடுத்தரம். ஐந்து பேரிடம் எடுத்த மதிப்பெண்ணை வைத்துப் பெரிய முடிவுக்கு வர வேண்டாம். ஐந்து பேர் எதற்குப் போதுமென்றால், வெளிப்படையான சிக்கல்களைக் கண்டுபிடிக்க.

போர்ட்ஃபோலியோ, நோக்க அறிக்கை, பரிந்துரை

உங்கள் வேலைகளைக் காட்டும் போர்ட்ஃபோலியோவுக்கு இரண்டு மூன்று திட்டங்கள் போதும். ஒவ்வொன்றிலும் நீங்கள் மாற்றிக்கொண்ட ஓர் எண்ணம் தெரிய வேண்டும்: முதலில் இப்படி நினைத்தேன், ப3-ஐயும் ப5-ஐயும் பார்த்தபின் வடிவத்தை இப்படி மாற்றினேன். குழுவாகச் செய்திருந்தால் ‘நாங்கள்’ என்பதற்குள் ஒளிந்துகொள்ளாமல் உங்கள் பங்கைத் தனியாகச் சொல்லுங்கள். கடைசித் திரைகளின் பளபளப்பைவிட, கசங்கிய காகித மாதிரியின் புகைப்படம் ஒன்று அதிகம் பேசும்.

நோக்க அறிக்கையைச் சின்ன வயதிலிருந்தே கணினி பிடிக்கும் என்று தொடங்காதீர்கள். உங்கள் சின்ன ஆய்வில் விடை கிடைக்காமல் நின்ற கேள்வியில் தொடங்குங்கள். அந்தக் கேள்விக்கு அருகில் வேலை செய்யும் இரண்டு ஆய்வாளர்களின் பெயர், அவர்கள் கட்டுரையில் உங்களுக்கு உதவிய இடம், அங்கிருந்து நீங்கள் போக நினைக்கும் திசை. பிஎச்.டி.க்கு விண்ணப்பித்தால் அவர்களுக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பலாம். எட்டு வரிக்குள் முடியுங்கள். இந்த ஆண்டு மாணவர் எடுக்கிறார்களா என்ற கேள்வி கட்டாயம் இருக்கட்டும். ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

பரிந்துரைக் கடிதம் பெரும்பாலும் மூன்று கேட்பார்கள். துறைத் தலைவர் என்ற பதவிக்காக ஒருவரிடம் போகாதீர்கள். உங்கள் வேலையை நேரில் பார்த்த உதவிப் பேராசிரியரின் கடிதத்துக்கு எடை அதிகம். குறைந்தது ஆறு வாரம் முன்னால் கேளுங்கள், உங்கள் ஆய்வுக் குறிப்பையும் கூடவே கொடுங்கள். ஜி.ஆர்.இ. என்ற நுழைவுத் தேர்வு பல இடங்களில் இப்போது தேவையில்லை. ஒவ்வொரு படிப்பின் பக்கத்திலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கு

இதைக் கூச்சப்படாமல் பேச வேண்டும். அமெரிக்காவில் எச்.சி.ஐ. முதுகலைக்கு முழு உதவித்தொகை அரிது, பெரும்பாலோர் கடன் வாங்கித்தான் போகிறார்கள். 2022 இறுதியிலிருந்து அங்கே பெருநிறுவனங்கள் செய்த ஆட்குறைப்பில் யூ.எக்ஸ். (பயனர் அனுபவ) ஆராய்ச்சியாளர்களும் வேலை இழந்தார்கள். புதிதாகப் படித்து வருபவர்கள் அனுபவசாலிகளோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. அதனால் வேலை கிடைக்க ஓராண்டு தாமதமானாலும் தாங்குமா என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டபின் கையெழுத்திடுங்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிப்பு முடித்தபின் 12 மாதம் வேலை அனுமதி கிடைக்கும். பட்டம் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால்தான் கூடுதலாக 24 மாதம். பெயரில் டிசைன் என்று வரும் எல்லாப் படிப்பும் அந்தப் பட்டியலில் இருக்காது. சேர்க்கை அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விசா விதிகள் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் மாதத்தில் மறுபடி பாருங்கள்.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, வாழ்க்கைச் செலவைக் காட்ட வேண்டும். இந்தியாவில் எம்.டெஸ். படித்துவிட்டு இரண்டாண்டு வேலை பார்த்தபின் வெளிநாட்டுப் பிஎச்.டி.க்குப் போவதும் நல்ல வழி. அதைக் குறைவாக நினைக்கத் தேவையில்லை.

நாட்காட்டியும் முதல் பருவமும்

ஆகஸ்டில் வகுப்பு என்றால் முந்தைய ஆண்டு ஜனவரியிலிருந்து வாரம் ஒரு கட்டுரை. ஏப்ரல், மே மாதங்களில் சின்ன ஆய்வு. ஜூலைக்குள் போர்ட்ஃபோலியோ. செப்டம்பரில் நோக்க அறிக்கை, பரிந்துரை கேட்பது. அமெரிக்கப் பிஎச்.டி. விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியில் முடியும், முதுகலை டிசம்பரிலிருந்து பிப்ரவரி, மார்ச் வரை போகும். இடையில் ஒரு வாரம் உங்கள் போனில், திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் டாக்பேக்கை இயக்கிவிட்டு, திரையைப் பார்க்காமல் ஒரு கட்டணம் செலுத்திப் பாருங்கள். பெயரிடப்படாத பொத்தான்கள் எத்தனை என்று அப்போது தெரியும், மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி வடிவமைப்பதைச் சொல்லித்தரும் அணுகுதன்மை வகுப்பில் அது கைகொடுக்கும்.

சேர்ந்த பிறகு முதல் மாதத்திலேயே மனிதர்களை வைத்து ஆய்வு செய்வதற்கான நெறிமுறைப் பயிற்சியை முடித்துவிடுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி வர வாரக்கணக்கில் ஆகும், அது வராமல் ஆய்வேட்டுக்கு ஒருவரிடம்கூடப் பேச முடியாது. புள்ளியியல் பாடத்தை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளாதீர்கள். வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்குமுன் அவருடைய இப்போதைய மாணவர்கள் இரண்டு பேரிடமாவது தனியாகப் பேசுங்கள். வாரம் எத்தனை முறை சந்திக்கிறார், வரைவைத் திருப்பித் தர எத்தனை நாள் எடுக்கிறார், கட்டுரையில் பெயர் வரிசையை எப்படி முடிவு செய்கிறார் என்ற மூன்றையும் கேளுங்கள்.